கிதாருக்கு ஏற்ற மிடி கேபிள்



மின்கிதார் இன்று நம்மவர் இல்லங்களுக்குப் புதிய விருந்தாளி அன்று. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், முன்பு வயலின் பெட்டி இருந்த மூலையில் இன்று கிதார் ஒன்று சாய்ந்திருக்கக் காண்கிறோம். பொங்கல் விழாவாயினும், நவராத்திரியாயினும், தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவாயினும், மேடையேறும் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் இல்லாமற் போவதில்லை. கிதாரைத் தொடர்ந்து ஆம்ப்ளிஃபையர் வருகிறது. அதனைத் தொடர்ந்து, காலால் மிதித்து நாதத்தை மாற்றும் பெடல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன.

பெடல்கள் ஒன்றிரண்டாக இருக்கும்வரை தொல்லை இல்லை. பல்லவிக்குத் தெளிந்த நாதம், சரணத்திற்கு மெல்லிய எதிரொலி, இடையிசைக்குக் கரகரப்பான முழக்கம் என்று மாற்ற வேண்டி வரும்பொழுதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. ஒரே நொடியில் ஒரு பெடலை அணைத்து, வேறிரண்டை எழுப்பி, ஆம்பின் சேனலையும் மாற்றியாக வேண்டும். மனிதனுக்கு அமைந்தவை இரண்டே கால்கள். அவற்றுள் ஒன்று நிற்பதற்கே தேவைப்படுகிறது. இந்த நெருக்கடியைத் தீர்க்கும் ஏற்பாடே மிடி. காலடியிலுள்ள கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அங்கிருந்து கேபிள் வழியாகக் கட்டளை சென்று, எல்லாப் பெடல்களையும் ஆம்பையும் ஒருசேர மாற்றிவிடுகிறது.

அந்தக் கேபிளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். பெடலுக்கும் ஆம்புக்கும் நூறு முறை யோசித்துப் பணம் செலவிடுபவர், கேபிளைக் கடைசியாக, கைக்கு அகப்பட்டதாக வாங்குகிறார். அல்லது, விலை மிகுந்ததெல்லாம் நல்லது என்று எண்ணி வீண் செலவு செய்கிறார். இரண்டுமே வேண்டாதவை. கேபிள் என்ன வேலை செய்கிறது என்று ஒருமுறை தெளிந்துகொண்டால், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கலாகாது என்பது தானே விளங்கும்.

மிடி என்னும் சொல்லைக் கேட்டதும் தமிழறிந்தோர் சிலர் திடுக்கிடக்கூடும். நம் மொழியில் மிடி என்பது வறுமையைக் குறிக்கும் பழஞ்சொல். நாம் பேசும் மிடியோ 'மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ்' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர். ஒரு நிறுவனத்தின் இசைக்கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு உரையாடுவதற்கான பொது மொழி அது. 1981-ஆம் ஆண்டில், சீக்குவென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் ஸ்மித் என்ற அமெரிக்கப் பொறியாளர் இத்தகைய பொது ஏற்பாட்டிற்கான கருத்தை ஒலிப் பொறியாளர்களின் அவையில் முன்வைத்தார். ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த இக்குதாரோ காக்கேஹாஷியும் அதே நோக்கம் உடையவராயிருந்தார். 1983-ஆம் ஆண்டு ஜனவரியில், கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகர் கண்காட்சியில், அவ்விரு நிறுவனங்களின் சிந்தசைசர்களும் ஒரு கேபிளால் இணைக்கப்பட்டு ஒன்றோடொன்று பேசின. ஒன்றன் கட்டைகளை அழுத்த, மற்றதும் சேர்ந்து ஒலித்தது. தம் வணிகப் போட்டியை ஒருபுறம் ஒதுக்கிவைத்து இதனைச் சாதித்த அவ்விருவருக்கும் 2013-ஆம் ஆண்டில் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது வழங்கப்பெற்றது. 2020-ஆம் ஆண்டில் மிடியின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. எனினும், பெடல்களிலும் ஆம்ப்களிலும் காணப்படும் ஐந்து ஊசிச் சாக்கெட் இன்றும் 1983-ஆம் ஆண்டின் அந்த முதல் மொழியையே பேசுகிறது.

இனி, கேபிளின் வேலையைக் காண்போம்.

முதலில் மனத்திற் கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. மிடி கேபிள் வழியாக ஒலி செல்வதில்லை. கிதாரிலிருந்து ஆம்புக்குச் செல்லும் கேபிள் நாதத்தையே மின்னலைகளாக ஏந்திச் செல்வது. அதன் தன்மை நாதத்தின் தன்மையை ஓரளவு மாற்றவும் கூடும். மிடி கேபிளோ கட்டளையை மட்டுமே சுமப்பது. 'ஐந்தாம் எண் அமைப்புக்கு மாறு', 'எதிரொலியை அணை', 'இந்தத் தாளக் கதிக்கு இசைந்து நில்' என்பன போன்ற ஏவல்களே அதில் ஓடுகின்றன. ஓடும் வேகம் நொடிக்கு 31,250 பிட்டுகள். எட்டுப் பிட்டுகள் கொண்ட ஒரு சொல்லுக்குத் தொடக்கக் குறி ஒன்றும் முடிவுக் குறி ஒன்றும் சேர்ந்து பத்தாகின்றன. அமைப்பை மாற்றும் 'புரோகிராம் சேஞ்ச்' என்னும் கட்டளைக்கு இத்தகைய சொற்கள் இரண்டு போதும். அது சென்று சேர ஆகும் நேரம், நொடியை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறுக்கும் குறைவு.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. கட்டளை சரியாகச் சேர்ந்தால் சேர்ந்ததுதான். அதைவிட அழகாகவோ இனிமையாகவோ சேர முடியாது. தபால்காரர் பட்டுச் சட்டை அணிந்து வந்தாலும் பருத்திச் சட்டை அணிந்து வந்தாலும் கடிதத்தின் வாசகம் ஒன்றே. ஆகவே, 'இந்த மிடி கேபிளைப் போட்டால் நாதம் கனக்கும், இனிக்கும்' என்று எவரேனும் கூறினால், அதனைப் புன்முறுவலோடு கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். நாதத்தின் பெயரால் மிடி கேபிளுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாகாது.

அங்ஙனமாயின், எதனை வாங்கினும் ஒன்றுதானோ என்று கேட்கலாம். அன்று. ஏனெனில், இத்தபால்காரரிடம் ஒரு குறை உண்டு. கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவாரேயன்றி, அது சேர்ந்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வருவதில்லை. ஐந்து ஊசி மிடி கேபிளில் செய்தி ஒரு திசையில் மட்டுமே செல்லும். காலடிப் பலகை கட்டளையை அனுப்புகிறது. பெடல் பெற்றதா இல்லையா என்பதனை அது அறியாது. வழியில் ஒரு சொல் சிதைந்தால், அதனைக் கண்டறிந்து மீண்டும் அனுப்பும் ஏற்பாடும் இவ்வகைக் கட்டளைகளுக்குக் கிடையாது. வீட்டில் பயிலும்போது இது பெரிதன்று. மறுபடி ஒருமுறை மிதித்துக் கொள்ளலாம். மேடையிலோ, பாடகர் சரணத்தை எடுத்துவிட்டார், தபேலா தாளத்தைத் தொடங்கிவிட்டது, மென்மையாக ஒலிக்க வேண்டிய கிதார் இன்னும் முழங்கிக்கொண்டிருக்கிறது. பலகையில் விளக்கு எரிகிறது, ஆம்போ மாறவில்லை. பல நாள் பயிற்சி செய்த வாத்தியக்காரரின் உழைப்பும், உடன் வாசிப்போரின் உழைப்பும் ஒரு பிளக்கின் தளர்ச்சியால் அவையில் குன்றிப்போகின்றன. மிடி கேபிளில் நாம் நாடவேண்டிய குணம் நம்பகம் ஒன்றே. அந்நம்பகம் பளபளப்பிலோ பெயரிலோ இல்லை. கம்பியிலும் சால்டரிலும் பிளக்கின் பிடிப்பிலும் இருக்கிறது.

கேபிளின் உள்ளமைப்பைச் சற்றுப் பார்ப்போம். பிளக்கின் முகத்தில் ஐந்து ஊசிகள் அரைவட்டமாக அமைந்துள்ளன. அவற்றின் எண் வரிசை நேர்வரிசை அன்று. நடுவில் இருப்பது 2. அதன் இருபுறமும் 4, 5. இரு கடைக்கோடியிலும் 1, 3. இவற்றுள் 4, 5 ஆகிய இரண்டுமே செய்தியைச் சுமப்பவை. அவற்றின் வழியே ஏறத்தாழ 5 மில்லியாம்பியர் அளவுள்ள மிகச் சிறிய மின்னோட்டம் விட்டுவிட்டு ஓடுவதே செய்தி. நடுவிலுள்ள 2-ஆம் ஊசி, கம்பிகளைச் சுற்றியுள்ள வலைக் கவசத்திற்கு உரியது. 1, 3 இரண்டும் பொதுவாக வேலையின்றி இருப்பவை.

பெறும் கருவியில் ஓர் அழகிய ஏற்பாடு உண்டு. வந்து சேரும் மின்னோட்டம் நேராக உள்ளே நுழைவதில்லை. அது ஆப்டோ ஐசொலேட்டர் என்னும் சிறு உறுப்பினுள் ஒரு விளக்கை ஏற்றி அணைக்கிறது. எதிரே உள்ள ஒளியுணர்வி அந்த ஒளியைக் கண்டு செய்தியை உள்ளே சொல்கிறது. இரு கருவிகளுக்கும் இடையே மின் தொடர்பின்றி, ஒளியால் மட்டுமே தொடர்பு உண்டாகிறது. கவசக் கம்பியும் அனுப்பும் பக்கத்தில் மட்டுமே தரையோடு இணைக்கப்படும். பெறும் பக்கத்தில் இணைக்கப்படுவதில்லை. இவையெல்லாம் எதற்காகவெனில், இரு கருவிகளின் தரைத் தொடர்புகள் வளையமாகி, ஆம்பில் 'ம்ம்' என்ற இரைச்சல் எழாமல் இருப்பதற்காகவே. ஆதலின், கேபிள் வாங்கும்போது வலைக் கவசம் 2-ஆம் ஊசியோடு மட்டும் இணைந்திருக்கிறதா, பிளக்கின் உலோக உறையோடும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கவனிப்பது நலம். உறையோடும் சேர்ந்திருப்பின், அந்த நல்லேற்பாட்டை மீறிக்கொண்டு இரைச்சல் உள்ளே புகக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே ஐந்து ஊசிப் பிளக் மிடிக்கென்றே பிறந்ததன்று. ஜெர்மானியத் தர நிர்ணயத்தின்படி அமைந்த இதனைப் பழைய டேப் ரிக்கார்டர்களிலும் ரேடியோக்களிலும் ஒலிக்காகப் பயன்படுத்தினர். பழைய கணினி விசைப்பலகைகளிலும் இது இருந்தது. மும்பை லாமிங்டன் சாலையிலோ, தில்லி லஜபத் ராய் மார்க்கெட்டிலோ, கொல்கத்தா சாந்தினி மார்க்கெட்டிலோ, பெங்களூர் எஸ்.பி. சாலையிலோ பழம்பொருட்களிடையே அத்தகைய கேபிள் மலிவாகக் கிடைக்கலாம். பார்வைக்கு மிடி கேபிளுக்கு இரட்டைப் பிறவி போலிருக்கும். ஆயின், சிலவற்றில் 4, 5 ஊசிகளுக்குக் கம்பியே இராது; சிலவற்றில் இருமுனைகளிலும் கம்பிகள் இடம் மாறியிருக்கும்; சிலவற்றில் கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளாமல் வெறுமனே பக்கத்தில் கிடக்கும். கடைக்காரரின் மொழி இந்தியாயினும் வங்காளியாயினும் கன்னடமாயினும், 'ஃபைவ் பின் மிடி கேபிள்' என்ற பெயர் எங்கும் ஒன்றே. அப்பெயரைச் சொல்லிக் கேட்டு, மிடிக்கென்றே செய்யப்பட்டதா என்று உறுதி செய்துகொள்க.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டுவனவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கம்பி. செய்தி சுமக்கும் இரு கம்பிகளும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டும், அவற்றைச் சுற்றிக் கவசம் போர்த்தப்பட்டும் இருத்தல் வேண்டும். மேடையில் விளக்குகளும் மின் அடாப்டர்களும் சூழ்ந்துள்ள இடத்தில் வெளித் தொந்தரவு உட்புகாமல் இது காக்கிறது. உள்ளே ஓடும் துடிப்புகள் வெளியே கசிந்து, பக்கத்தில் செல்லும் கிதார் கேபிளில் சிணுங்கலாக ஒலிப்பதையும் இது குறைக்கிறது.

இரண்டாவது, நீளம். மிடி விதிகளின்படி ஒரு கேபிளின் உச்ச நீளம் 50 அடி, அதாவது 15 மீட்டர். அதற்குமேல் துடிப்புகளின் விளிம்பு மழுங்கி, பெறும் கருவிக்குக் குழப்பம் உண்டாகலாம். பலகையின் மேலேயே இருக்கும் பெடல்களை இணைக்க அரை மீட்டருக்கும் குறைவான கேபிள் போதும். மேடையின் முன்புறமிருந்து பின்னாலுள்ள ஆம்புக்கு 6 மீட்டரோ 10 மீட்டரோ வேண்டியிருக்கலாம். நூல் பிடித்து அளந்து, மூலை முடுக்குகளுக்காகச் சிறிது கூட்டி வாங்குக. மிக நீண்டது காலில் தடுக்கும். மிகக் குறுகியது இழுபட்டு இழுபட்டு பிளக்கின் உயிரை வாங்கும்.

மூன்றாவது, பிளக். மிடி பிளக்குக்குப் பூட்டு இல்லை. உராய்வின் பிடிப்பினால் மட்டுமே சாக்கெட்டில் நிற்கிறது. ஆகவே ஊசிகள் வளைவின்றி நேராக நிற்கவேண்டும். செருகினால் ஆட்டமின்றி இறுக அமர வேண்டும். கேபிள் பிளக்கினுள் நுழையும் இடத்தைக் குறிப்பாகப் பாருங்கள். அங்கே இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பும், வளைவைத் தாங்கும் ரப்பர் வாலும் இருந்தால், இழுப்பு சால்டரின் மீது விழாது. கேபிள்கள் நடுவில் அறுவது அரிது. முனையில் அறுவதே வழக்கம். வார்ப்பு பிளக் அழகாயிருக்கும். பழுதானால் எறிய வேண்டியதுதான். திறந்து மூடக்கூடிய பிளக்காயின் பழுதை நாமே நீக்கிக்கொள்ளலாம். தங்க முலாம் நாதத்தைக் கூட்டாது; ஆனால் மும்பை போன்ற கடலோர நகரங்களின் ஈரக்காற்றில் துரு ஏறாமல் இருக்க உதவும். அந்த அளவுக்கு மட்டும் அதற்கு விலை கொடுக்கலாம்.

நான்காவது, பிளக்கின் திசை. நெருக்கமான பலகையில் நேரான பிளக் துருத்திக்கொண்டு நின்று காலடி பட்டு முறியும். அங்கே எல் வடிவப் பிளக் நல்லது. ஆனால் ஐந்து ஊசிகளும் ஒரே ஒரு நிலையில்தான் சாக்கெட்டில் நுழையும் என்பதை மறக்கலாகாது. எனவே கேபிள் எந்தப் பக்கமாக வெளியேறும் என்பதை முன்னதாகவே பார்த்து வாங்க வேண்டும். இல்லையேல், கேபிள் அடுத்த பெடலின் மேலேயே போய் முட்டும்.

ஐந்தாவது, மின்சாரம். சில காலடிப் பலகைகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தையும் மிடி கேபிள் வழியாகவே பெறுகின்றன. சிலவற்றில் 1, 3 ஊசிகள் இதற்குப் பயன்படும். சிலவற்றில் ஏழு ஊசிப் பிளக்கே இருக்கும். மூன்று கம்பிகள் மட்டும் உள்ள சாதாரண கேபிளைப் போட்டால், பலகைக்கு மின்சாரம் போய்ச் சேராது. கருவியின் கையேட்டைப் பார்த்து, ஐந்து ஊசிக்கும் கம்பியுள்ள கேபிளோ, ஏழு ஊசிக் கேபிளோ வேண்டுமாயின் அதனையே கேட்டு வாங்குக.

ஆறாவது, சிறு ஜாக். அண்மைக் காலத்துப் பெடல்களில் இடநெருக்கடியால் ஐந்து ஊசிச் சாக்கெட்டை விடுத்து, காதணிக் கருவிகளில் காணும் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக்கை வைக்கின்றனர். பாஸ் நிறுவனத்தின் 200 வரிசைப் பெடல்கள் இதற்கு எடுத்துக்காட்டு. தொடக்கத்தில் இதற்குப் பொது விதி இல்லாமையால், நிறுவனங்கள் தத்தம் மனம்போல் கம்பியை இணைத்தன. ஜாக்கின் நுனியில் 5-ஆம் ஊசியையும் வளையத்தில் 4-ஆம் ஊசியையும் இணைத்தது ஏ வகை. இவ்விரண்டையும் மாற்றி இணைத்தது பி வகை. 2018-ஆம் ஆண்டில் மிடி உற்பத்தியாளர் சங்கம் ஏ வகையையே பொதுவிதியாக ஏற்றது. எனினும் ஆர்ட்டூரியா, நோவேஷன் போன்ற நிறுவனங்களின் முந்தைய கருவிகள் பி வகையாகவே புழக்கத்தில் உள்ளன. இவையன்றி, கிதார் பிளக்கின் அளவான 6.35 மில்லிமீட்டர் ஜாக்கில், தமக்கே உரிய முறையில் மிடியைப் பெறும் பெடல்களும் உண்டு. வகை மாறினால் பெரும்பாலும் கருவிக்குத் தீங்கு நேராது. ஆனால் கட்டளை போய்ச் சேராது. பெடல் எந்த வகை என்பதைக் கையேட்டில் படித்துவிட்டு, அதே வகை என்று குறிக்கப்பட்ட கேபிளை வாங்குக. 3.5 மில்லிமீட்டர் ஜாக்கைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் உறுதி: வளையமில்லாத மோனோ ஜாக் கேபிள் அதற்கு உதவாது, ஸ்டீரியோ கேபிளே வேண்டும்.

பெடல்கள் பலவாயின், ஒரு கேபிளை இரண்டாகப் பிளக்கும் ஒய் வடிவக் கேபிளை நாடுவோர் உளர். இது விரும்பத்தக்கதன்று. சிறிய அந்த 5 மில்லியாம்பியர் மின்னோட்டம் இரண்டாகப் பங்கிடப்படின், இரண்டு கருவிகளுக்கும் அரைவயிற்றுக் கஞ்சியே கிடைக்கும். ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. கருவிகளில் 'த்ரூ' என்று குறிக்கப்பட்ட வாய் இதற்காகவே உள்ளது. உள்ளே வந்த செய்தியை அது மீண்டும் முழு வலுவோடு அடுத்த கருவிக்கு அனுப்புகிறது. கருவிகள் மூன்று நான்கிற்கு மேற்படின், ஒரே சங்கிலியாகக் கோக்காமல், 'த்ரூ பாக்ஸ்' என்னும் பிரிப்பானைப் பயன்படுத்தி ஒவ்வொன்றிற்கும் தனிக் கேபிள் விடுவது சிறப்பு.

கையில் சிறிது தொழில் நயம் உள்ளவர்கள் கேபிளைத் தாமே செய்துகொள்ளலாம். மைக்குக்கு உரிய இருகம்பிக் கவசக் கேபிளும், ஐந்து ஊசிப் பிளக் இரண்டும் போதும். 4-க்கு 4, 5-க்கு 5, 2-க்குக் கவசம். இருமுனையிலும் இதே ஒழுங்கு, மாற்றமில்லை. சால்டர் செய்யும்போது பிளக்கை ஒரு பழைய சாக்கெட்டில் செருகி வைத்துக்கொள்ளுங்கள். ஊசிகளைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக். சூடு மிகுந்தால் அது இளகி ஊசி சாய்ந்துவிடும். சாக்கெட்டில் இருந்தால் ஊசி தன் இடத்திலேயே நிற்கும். உறையை முதலில் கேபிளில் கோத்துக்கொண்டு பிறகே பற்றவைக்க வேண்டும் என்பதனை, சால்டர் பிடித்த எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

வாங்கியதாயினும் செய்ததாயினும், மேடைக்குமுன் சோதித்தல் இன்றியமையாதது. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி காட்டும் நிலையில் வைத்து, 4-க்கு 4, 5-க்கு 5, 2-க்கு 2 ஒலி எழுகிறதா என்று பாருங்கள். பின்னர் 4-க்கும் 5-க்கும் இடையிலும், அவற்றுக்கும் 2-க்கும் இடையிலும் ஒலி எழக்கூடாது. ஒலி எழும்போதே பிளக்கின் கழுத்தருகில் கேபிளை மெல்ல ஆட்டுங்கள். ஒலி விட்டுவிட்டு வருமாயின் அந்தக் கேபிள் மேடைக்கு உரியதன்று. அடுத்து, கருவிகளோடு இணைத்து, இரண்டு அமைப்புகளுக்கிடையே இருபது முறை மாற்றிப் பாருங்கள். ஒருமுறை தவறினும் தவறே.

தவறுகள் யாவும் கேபிளின் குற்றமல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பாவம், பேசாத பொருளாகையால் பழி எளிதில் அதன்மேல் விழுந்துவிடுகிறது. மிடியில் 16 சேனல்கள் உண்டு. பலகை ஒரு சேனலில் அனுப்ப, பெடல் வேறொரு சேனலில் செவிசாய்த்திருந்தால், கேபிள் எத்துணை நல்லதாயினும் பயனில்லை. அன்றியும், அமைப்புகளைச் சில கருவிகள் 0 முதல் 127 வரையிலும், சில 1 முதல் 128 வரையிலும் எண்ணுகின்றன. பத்தாம் எண்ணை அழுத்தினால் எப்பொழுதும் பதினொன்றே வருமாயின், அது எண்ணிக்கை வேறுபாடேயன்றிக் கேபிளின் பிழையன்று. ஒரே மாதிரியாகத் தொடரும் தவறு பெரும்பாலும் அமைப்பின் தவறு; சில நேரம் நிகழ்ந்து சில நேரம் நிகழாத தவறே கேபிளின்மேல் ஐயம் கொள்ளத்தக்கது. எதிரொலிப் பெடலுக்குத் தாளக் கதியைச் சொல்லும் மிடித் துடிப்புகள், ஒரு கால்மாத்திரை ஸ்வரத்திற்கு 24 வீதம் ஓயாமல் செல்பவை. கேபிள் தளர்ந்தால் அவற்றுட் சில தவறி, எதிரொலி தாளத்தைவிட்டு விலகத் தொடங்கும். இதுவும் ஓர் அடையாளம். ஐயம் தோன்றினால் செய்யவேண்டுவது ஒன்றே: நன்றாக வேலை செய்யும் வேறு கேபிளை அவ்விடத்தில் மாற்றிப் பாருங்கள். தவறு கேபிளோடு போய்விட்டால் குற்றவாளி அதுவே. கருவியிடமே தங்கிவிட்டால் கேபிளை விடுதலை செய்துவிடலாம்.

நல்ல கேபிளும் பராமரிப்பின்றி நெடுநாள் உழைக்காது. கழற்றும்போது கேபிளைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து எடுங்கள். முழங்கையில் இறுக்கிச் சுற்றாமல், அகன்ற வளையமாகத் தளரச் சுருட்டி, கயிற்றுப் பட்டையால் கட்டி வையுங்கள். பலகையில் பிளக்கிற்கு அருகே கேபிளை ஒரு பட்டையால் பிணைத்துவிட்டால், எவர் காலாவது தடுக்கினாலும் இழுப்பு பிளக்கிற்குப் போகாது. மின்சார வயரோடு நெடுந்தொலைவு இணைகோடாக ஓட விடாமல், குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் குறுக்கிடச் செய்யுங்கள். கேபிளின் இருமுனையிலும், எந்தக் கருவியிலிருந்து எந்தக் கருவிக்கு என்று எழுதிய சிறு சீட்டை ஒட்டுங்கள். அரங்கத்தின் அரையிருளில் அந்தச் சீட்டு பெருந்துணையாகும்.

இன்னொன்று. விலை மிகுந்த கேபிள் ஒன்றினும், தக்க விலையில் சோதித்தெடுத்த கேபிள்கள் இரண்டு மேலானவை. ஒன்று பலகையில் இருக்கட்டும். மற்றொன்று பெட்டியில் இருக்கட்டும். நாக்பூரிலோ ஜாம்ஷெட்பூரிலோ ஒரு மாலை நிகழ்ச்சிக்காகச் சென்ற இடத்தில், ஏழு மணிக்குக் கேபிள் பழுதானால், இசைக்கருவிக் கடை எங்கிருக்கிறது என்று தேடி அலைய நேரமிராது. பெட்டியிலுள்ள இரண்டாவது கேபிளே அப்போது கைகொடுக்கும்.

ஆக, மிடி கேபிள் வாங்குவோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு. இது என் கருவியின் சாக்கெட்டுக்கு உரியதா? என் இடத்திற்கு ஏற்ற நீளமா? கழுத்தில் உறுதியாகப் பிணிக்கப்பட்டதா? சோதனையில் ஒருமுறையும் தவறாததா? நான்கிற்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தால், அட்டையில் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் அதனை வாங்கலாம். விடை கிடையாதெனில், எத்துணைப் புகழ் பெற்றதாயினும் கடையிலேயே விட்டுவிடலாம்.

சரணத்தின் வாயிலில் கால் பொத்தானை அழுத்துகிறது. நாதம் உரிய நேரத்தில் மாறுகிறது. வாசிப்பவரின் கவனம் பாட்டிலேயே நிற்கிறது. அவையில் அமர்ந்திருப்போர் எவரும் கேபிளை நினைப்பதில்லை. நல்ல கேபிளுக்கு அதைவிடப் பாராட்டு வேண்டியதில்லை.